முடிவுறாத ஆய்வு ஒன்று மட்டுமே: கள ஆய்வுச் செயலிகளில் ஒரு விதியும் அதன் எல்லைகளும்

விதியும் அதன் வடிவங்களும்

கள ஆய்வுக்கான செயலிகள் சிலவற்றில், தொடங்கிய ஆய்வை முடித்து அனுப்பாமல் அடுத்த ஆய்வைத் தொடங்க முடியாது. உணவகச் சுகாதாரச் சோதனை, தொழிற்சாலைப் பாதுகாப்புச் சுற்று, கட்டுமானத் தளப் பார்வை, கடைக்கிளைத் தணிக்கை என எதுவானாலும், ஒரு பயனரின் பெயரில் படிவம் ஒன்று திறந்திருந்தால் ‘புதிய ஆய்வு’ என்ற பொத்தான் அவருக்கு வேலை செய்யாது. பழையதை முடிக்க வேண்டும் அல்லது கைவிட வேண்டும். இக்கட்டுரையில் ஆய்வு என்பது இன்ஸ்பெக்‌ஷன், ஆடிட் இரண்டையும் குறிக்கும்.

இந்த விதி பல வடிவங்களில் வருகிறது. கடுமையான வடிவம் முழுத் தடை. மென்மையான வடிவம், திறந்திருக்கும் ஆய்வை நினைவூட்டிவிட்டு முடிவைப் பயனரிடம் விடும் எச்சரிக்கை. இரண்டுக்கும் நடுவே, ஒரே இடத்துக்கு ஒரே படிவத்தை இரண்டாம் முறை திறப்பதை மட்டும் தடுக்கும் முறை உண்டு. எண்ணிக்கையை ஒன்று என வைக்காமல் மூன்று, ஐந்து என வைக்கும் முறையும் உண்டு. வரம்பு யார்மீது விழுகிறது என்பதும் மாறும். பயனர்மீது விழலாம், கைபேசிமீது விழலாம், ஆய்வு நடக்கும் இடத்தின்மீதும் விழலாம்.

நிர்வாகிகள் இந்த விதியைக் கேட்பதற்குக் காரணம் எளிது. அறிக்கைப் பலகையில் ‘நடைபெறுகிறது’ என்ற வரிசை நீண்டுகொண்டே போகிறது. அதில் எது உண்மையில் நடக்கிறது, எது மறக்கப்பட்டது, எது தவறுதலாகத் திறக்கப்பட்டது என்று பிரித்தறிய வழியில்லை. ஆனால் இந்த வரிசையில் இரண்டு வேறு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. இப்போது எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் ஆய்வு ஒன்று. எழுதி முடிந்த அளவில் வேறு எதற்கோ காத்திருக்கும் ஆய்வு மற்றொன்று. வரம்பு எதன்மீது விழ வேண்டும் என்பதற்கான விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

ஆய்வுகள் பாதியில் நிற்கும் காரணங்கள்

முதல் வகைக் காரணங்கள் வேலையின் இயல்பிலிருந்தே வருகின்றன. தீயணைப்புத் துறையின் சான்றிதழ் அலுவலகப் பெட்டியில் இருக்கும், சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருப்பார். கொதிகலனை இயக்கும் ஊழியர் இரவுப் பணிக்குத்தான் வருவார். தண்ணீர் மாதிரியின் ஆய்வக முடிவுக்குச் சில நாள்கள் ஆகும். பெரிய ஆலையைச் சுற்றி முடிக்கவே இரண்டு நாள் தேவைப்படும். இவற்றில் எதுவும் ஆய்வாளரின் குறையன்று.

இரண்டாம் வகை தற்செயலானது. பட்டியலில் பக்கத்துக் கிளையின் பெயரைத் தொட்டுவிட்டதால் திறந்த படிவம், சிக்னல் இல்லாத இடத்தில் பொத்தானை இருமுறை அழுத்தியதால் உருவான இரட்டைப் படிவம், செயலி நின்றுபோனபின் புதிதாகத் தொடங்கியதால் அனாதையாகிய பழைய படிவம், பயிற்சிக்காகத் திறந்து பார்த்த படிவம் ஆகியவை இதில் சேரும். ‘நடைபெறுகிறது’ வரிசையை அடைக்கும் குப்பை பெரும்பாலும் இத்தகைய படிவங்களே.

மூன்றாம் வகை நடத்தை சார்ந்தது. காலையிலேயே அன்றைய ஐந்து கடைகளுக்கான படிவங்களையும் திறந்து வைத்துவிட்டு, மாலையில் நினைவிலிருந்து நிரப்புவது ஒன்று. கடினமான கேள்வி வந்ததும் அந்த ஆய்வை விட்டுவிட்டு எளிதான அடுத்ததுக்குத் தாவுவது இன்னொன்று. மதிப்பெண் குறைவாக வரும் எனத் தெரிந்ததும் அனுப்பாமல் வைத்துக்கொண்டு, குறையைச் சரிசெய்யக் கிளைக்கு அவகாசம் தருவது மூன்றாவது. ஒரே ஆய்வு என்ற விதி நேரடியாகக் குறிவைப்பது இவற்றில் முதல் இரண்டையும்தான். மூன்றாவதை அது தொடுவதே இல்லை, ஏனெனில் அனுப்பாமல் வைத்திருப்பது ஒரே ஓர் ஆய்வாகவும் இருக்கலாம்.

வரம்புக்கு ஆதரவான வாதங்கள்

முதல் வாதம் பதிவின் நம்பகத்தன்மை. மருந்துத் துறையில் பதிவுகளுக்கு ஐந்து இலக்கணங்கள் சொல்வார்கள்: யார் எழுதியது எனத் தெரிய வேண்டும், படிக்கும்படி இருக்க வேண்டும், நிகழும்போதே எழுதப்பட்டிருக்க வேண்டும், மூலப் பதிவாக இருக்க வேண்டும், சரியாக இருக்க வேண்டும். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அல்கோவா என்று அழைக்கப்படும் இந்தத் தொகுப்பை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட தரவு நேர்மை வழிகாட்டுதலும் எடுத்தாள்கிறது. ஐந்து படிவங்கள் திறந்து கிடக்கும்போது முதலில் அடிபடுவது மூன்றாவது இலக்கணம். காலை 10 மணிக்குப் பார்த்த குளிர்பெட்டியின் வெப்பநிலை மாலை 6 மணிக்கு எழுதப்பட்டால், அந்த எண் பார்த்ததா, நினைத்ததா என்பதை யாரும் சொல்ல முடியாது. ஒன்றை முடித்தால்தான் மற்றொன்று என்ற கட்டாயம், இடத்தைவிட்டுக் கிளம்பும் முன் எழுதி முடிக்கும் பழக்கத்தை உண்டாக்கும் என்பது எதிர்பார்ப்பு.

இரண்டாம் வாதம் இடம் மாறிப் பதிவதைப் பற்றியது. ஒரே நிறுவனத்தின் இரு கிளைகளுக்கும் படிவம் ஒன்றே, கேள்விகளும் ஒன்றே, திரையும் ஒன்றே. இரண்டும் திறந்திருந்தால் ஒரு கிளையின் புகைப்படம் மற்றதன் அறிக்கையில் ஏறுவது எளிது. அப்படி ஏறிய பிழையைப் பின்னால் கண்டுபிடிப்பது கடினம்.

மூன்றாம் வாதம் வேலையின் ஓட்டம். காத்திருப்பு வரிசைகளைப் பற்றி ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி, ஓர் அமைப்பில் சராசரியாகத் தேங்கும் பணிகளின் எண்ணிக்கையை இரண்டு அளவுகளின் பெருக்கலாகச் சொல்கிறது: பணிகள் வந்து போகும் வேகம், ஒவ்வொன்றும் தங்கும் நேரம். ஒரு குழு நாளொன்றுக்கு 4 ஆய்வுகளை முடிக்கிறது, எந்த நேரத்தில் பார்த்தாலும் 12 ஆய்வுகள் திறந்திருக்கின்றன என்றால், ஒவ்வொன்றும் சராசரியாக 3 நாள் திறந்து கிடக்கிறது என்று பொருள். திறந்தவை நான்காகக் குறைந்து, முடிக்கும் வேகம் மாறாதிருந்தால், தங்கும் நேரம் ஒரு நாளாகிவிடும். டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோ வளர்த்தெடுத்த கான்பன் முறை உற்பத்தித் தளத்தில் செய்ததும் இதுவே: கையிலுள்ள வேலைக்கு ஓர் உச்ச அளவு வைத்து, அது குறையும்வரை புதிய வேலையை உள்ளே விடாமல் இருப்பது. டேவிட் ஆண்டர்சன் 2010-இல் வெளியிட்ட நூல் இதை மென்பொருள் குழுக்களின் வேலைக்குப் பரப்பியது. ஆய்வுச் செயலிகளில் கேட்கப்படும் ‘ஒன்று மட்டும்’ என்பது கான்பனின் மிகக் கடுமையான வடிவம்.

நான்காம் வாதம் மனத்தைப் பற்றியது. ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததுக்கு மாறினால் கவனத்தின் ஒரு பகுதி முந்தையதிலேயே தங்கிவிடுகிறது என்பதைச் சோஃபி லெராய் 2009-இல் வெளியிட்ட சோதனைகள் காட்டின. ஆய்வு என்பதே கவனத்தை விலைக்கு வாங்கும் வேலை என்பதால் இந்த வாதத்துக்கு எடை உண்டு.

ஐந்தாவது, நிர்வாகம் சார்ந்த சிறிய ஆதாயங்கள். படிவத்தில் ஒரு கேள்வி மாற்றப்பட்டால், பழைய பதிப்பில் பாதியில் நிற்கும் ஆய்வுகளை என்ன செய்வது என்ற சிக்கல் குறையும். ஆய்வாளர் வேலையைவிட்டுப் போனால் அவர் பெயரில் அனாதையாக நிற்பது அதிகபட்சம் ஒன்றே.

மருத்துவமனைகளில் கிடைத்த சான்று

இந்த வாதங்கள் எல்லாம் நியாயமாகத் தோன்றுபவை. ஆனால் தோற்றம் வேறு, விளைவு வேறு. கள ஆய்வுக்கு மிக நெருங்கிய ஒரு துறையில், அதாவது மருத்துவமனைகளின் மின்னணு நோயாளிப் பதிவேடுகளில், இதே விதி பெரிய அளவில் சோதிக்கப்பட்டிருக்கிறது. ஒரு நோயாளிக்கு எழுத வேண்டிய மருந்தை மற்றொரு நோயாளியின் பதிவில் எழுதிவிடும் பிழையைக் குறைக்க, மருத்துவர் ஒரு நேரத்தில் ஒரே நோயாளியின் பதிவைத்தான் திறந்து வைக்க வேண்டும் என்ற பரிந்துரை அமெரிக்காவில் நிலவியது. அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதால் நியூயார்க்கின் பெரிய மருத்துவக் குழுமம் ஒன்றில் குலுக்கல் முறைச் சோதனை நடந்தது. ஜேசன் ஆடல்மேனும் உடன் ஆய்வாளர்களும் அதன் முடிவை 2019-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டனர்.

3,356 மருத்துவப் பணியாளர்கள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் ஒரே பதிவைத் திறக்கலாம். மற்றப் பிரிவினர் நான்கு வரை திறக்கலாம். ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவ ஆணைகள் கணக்கில் எடுக்கப்பட்டன. ஆளை மாற்றி எழுதிய பிழை, ஒரு லட்சம் ஆணையமர்வுகளுக்கு (ஒரே நோயாளிக்கு ஒருவர் தொடர்ந்து எழுதும் ஆணைகள் ஓர் அமர்வு) கட்டுப்பாடுள்ள பிரிவில் 90.7, கட்டுப்பாடற்ற பிரிவில் 88.0. புள்ளியியல் கணக்கில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

இதற்கான விளக்கத்தில் ஒரு பகுதி அதே சோதனையின் எண்களில் இருக்கிறது. நான்கு வரை திறக்க அனுமதி பெற்றவர்களும் 66.2 விழுக்காட்டு அமர்வுகளில் ஒரே பதிவைத்தான் திறந்து வைத்திருந்தனர். அதாவது, தேவையில்லாதபோது பெரும்பாலோர் தாமாகவே ஒன்றோடு நிற்கிறார்கள். பலவற்றைத் திறப்பவர்கள் பெரும்பாலும் சூழலின் நெருக்கடியால் திறக்கிறார்கள். அவசரப் பிரிவில் ஒற்றைப் பதிவு அமர்வுகள் 34.5 விழுக்காடு, புறநோயாளிப் பிரிவில் 83.4 விழுக்காடு. பிழையும் அந்தச் சூழலையே பின்தொடர்ந்தது. உள்நோயாளிப் பிரிவில் லட்சத்துக்கு ஏறத்தாழ 185, புறநோயாளிப் பிரிவில் ஏறத்தாழ 8. ஒரே பிரிவுக்குள் வரம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த எண்கள் அசையவில்லை.

அதே ஆய்வுக் குழு 2013-இல் வெளியிட்ட முந்தைய சோதனை வேறொரு வழியைக் காட்டுகிறது. ஆணை எழுதும் முன் நோயாளியின் பெயரைக் காட்டி ‘இவர்தானா’ என்று கேட்கும் அறிவிப்பு, ஆளை மாற்றி எழுதும் பிழையை 16 விழுக்காடு குறைத்தது. நோயாளியின் அடையாள விவரத்தைத் தட்டச்சு செய்தால்தான் மேலே போகலாம் என்ற ஏற்பாடு 41 விழுக்காடு குறைத்தது. இரண்டு சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தால், எத்தனை பதிவு திறந்திருக்கிறது என்பதைவிட, எழுதும் அந்தக் கணத்தில் எந்தப் பதிவில் எழுதுகிறோம் என்று உறுதிசெய்வதே பயன் தந்திருக்கிறது.

மருத்துவரின் வேலையும் கள ஆய்வாளரின் வேலையும் ஒன்றல்ல. ஆய்வாளர் ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நடந்தோ வண்டியிலோ போகிறார், திரை மாறுவதோடு உலகமும் மாறுகிறது. ஆகவே இடம் மாறிப் பதியும் அபாயம் அவருக்குக் குறைவாகவும், நேரம் கடந்து பதியும் அபாயம் அதிகமாகவும் இருக்கும். என்றாலும், ‘ஒன்று மட்டும்’ என்ற விதி பிழையைக் குறைக்கும் என்று சோதிக்காமல் நம்பிவிடக் கூடாது என்பதற்கு இந்தச் சோதனை போதுமான எச்சரிக்கை.

வரம்பு உண்டாக்கும் கேடுகள்

மிகப் பெரிய கேடு பொய்யான முடிவு. ஆய்வகச் சான்றுக்காகக் காத்திருக்கும் ஆய்வாளருக்கு அடுத்த இடத்தில் வேலை காத்திருக்கிறது. செயலி வழிவிடவில்லை. கையிலிருக்கும் மலிவான தீர்வு, விடை தெரியாத கேள்விகளில் ‘பொருந்தாது’ என்று குறித்துவிட்டு அனுப்புவது. முடிவுறாத ஆய்வு, தான் முடிவுறாதது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. பொய்யாக முடிக்கப்பட்ட ஆய்வு முழுமையானதாக வேடமிடுகிறது. தரவின் நேர்மைக்காகக் கொண்டுவந்த விதி நேர்மையின்மைக்குக் கூலி கொடுப்பது போலாகிவிடும்.

அடுத்தது, வரிசை இடம்பெயர்வது. லிட்டிலின் விதி வேகத்தைத் தானாகக் கூட்டிவிடாது. காத்திருப்புக்குக் காரணம் வெளியில் இருந்தால், செயலிக்குள் வரம்பு வைப்பதால் வரிசை மறையாது. ஆய்வாளரின் குறிப்பேட்டுக்கும் வாட்ஸ்அப் படங்களுக்கும் அது நகரும். அங்கே நம்பத்தக்க நேரமுத்திரை இல்லை, இடக்குறி இல்லை, மேலாளரின் பார்வையும் இல்லை. பின்னர் அவை நினைவிலிருந்து செயலிக்குள் ஏற்றப்படும்போது, தடுக்க நினைத்த தீமையே பெருகி வந்து சேரும்.

மூன்றாவது, அவசரத்தின் முன் செயலி விழிப்பது. வழக்கமான சுற்றாய்வின் நடுவே வாயுக் கசிவு என்று புகார் வருகிறது. அதற்கான படிவத்தை உடனே திறக்க வேண்டும். பழையதை முடி என்று செயலி கேட்டுக்கொண்டிருந்தால் ஆய்வாளர் பழையதை அழிப்பார் அல்லது பக்கத்திலிருப்பவரின் கணக்கைக் கடன் வாங்குவார். இரண்டாவது வழியில், யார் எழுதியது என்ற முதல் இலக்கணமே போய்விடுகிறது.

நான்காவது, ஒன்றுக்குள் ஒன்றாக நடக்கும் வேலைகள். ஒரே கட்டுமானத் தளத்தில் சாரம் பற்றிய படிவம், மின் இணைப்புப் பற்றிய படிவம், தொழிலாளர் தங்குமிடம் பற்றிய படிவம் என மூன்றும் ஒரே நடையில் நிரப்பப்படுகின்றன. திருப்பூரின் பின்னலாடை ஆலைகளில் நடக்கும் சமூகப் பொறுப்புத் தணிக்கைகளிலும் ஆவணப் பார்வை, தள நடை, தொழிலாளர் நேர்காணல் ஆகியவை ஒன்றோடொன்று பின்னியே நடக்கும். இவற்றைத் தனித்தனிப் படிவங்களாக்கிவிட்டு, ஒரு நேரத்தில் ஒன்றுதான் என்று சொன்னால் ஒரே சுற்றை மூன்று முறை சுற்ற வேண்டியிருக்கும்.

இவற்றுக்கும் மேலாக, செயலியின் எந்தப் பூட்டும் ஆய்வின் பின்னாலுள்ள ஊக்கங்களை மாற்றுவதில்லை. குஜராத்தில் எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிகோலஸ் ரயன் ஆகியோர் நடத்தி 2013-இல் வெளியிட்ட சோதனை இங்கே பொருத்தமானது. ஆலைகளே தங்கள் சுற்றுச்சூழல் தணிக்கையாளரைத் தேர்ந்து ஊதியம் கொடுத்த ஏற்பாட்டில், மாசு அளவுகள் அனுமதித்த எல்லைக்குச் சற்றே கீழே இருப்பதாக அறிக்கைகள் குவிந்தன. தணிக்கையாளரைக் குலுக்கலில் ஒதுக்கி, பொது நிதியிலிருந்து ஊதியம் கொடுத்து, சிலவற்றை மறுபரிசோதனை செய்தபோது, மீறலை மறைத்து ‘எல்லைக்குள்’ என எழுதுவது 80 விழுக்காடு குறைந்தது. ஆலைகளின் மாசும் குறைந்தது. பொய்யைக் குறைத்தது யார் கூலி கொடுக்கிறார், யார் மறுபடி பார்க்கிறார் என்பதே.

பிற முறைகள் இதைக் கையாண்ட விதம்

முடிவுறாத பதிவு என்பது கைபேசியோடு பிறந்த சிக்கலன்று. வீடு வீடாகச் செல்லும் மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புகள் இதற்கு நெடுங்காலமாக ஒரு தீர்வு வைத்திருக்கின்றன. பல நாடுகளில் நடக்கும் குடும்ப நலக் கணக்கெடுப்புகளின் வினாநிரலில் முகப்புத் தாளிலேயே மூன்று வருகைகளுக்கான கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு வருகையின் நாளையும் அதன் முடிவுக் குறியீட்டையும் எழுத வேண்டும்: முடிந்தது, வீட்டில் ஆளில்லை, ஒத்திவைப்பு, மறுப்பு, பகுதி முடிந்தது எனக் குறியீடுகள் பிரிந்திருக்கும். இந்தியாவின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2015-16-இல் நான்காம் சுற்றில் காகிதத்தைவிட்டுக் கணினிக்கு மாறியது. ஒரே நாளில் பல வீடுகள் பாதியில் நிற்பதை இம்முறை குற்றமாகக் கருதுவதில்லை. ஏன் நிற்கிறது என்று எழுதச் சொல்கிறது, எத்தனை முறை திரும்பிப் போக வேண்டும் என்று சொல்கிறது, அதன்பின் கணக்கை மூடுகிறது.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஓடிகே என்ற இலவசக் கணக்கெடுப்புச் செயலியும் பல வரைவுகளை அனுமதிக்கிறது. ஆனால் வரைவு, அனுப்பத் தயார், அனுப்பப்பட்டது என்று நிலைகளைப் பிரித்து வைக்கிறது. ஒவ்வொரு கேள்வியிலும் எவ்வளவு நேரம் செலவானது என்பதைத் தனிக் கோப்பில் பதிந்துகொள்ளும் வசதியும் அதில் உண்டு. மாலையில் ஒரே மூச்சில் நிரப்பிய படிவம் அந்தக் கோப்பில் வெளிப்படையாகத் தெரிந்துவிடும்.

அரசு ஆய்வுகளில் வரம்பு எண்ணிக்கையாக இல்லாமல் காலமாக வந்திருக்கிறது. 2014 அக்டோபர் 16 அன்று தொடங்கிய மத்திய அரசின் ஷ்ரம் சுவிதா தளத்தில், தொழிலாளர் ஆய்வுக்கான இடங்களைக் கணினி குலுக்கலில் ஒதுக்குகிறது. தளம் தொடங்கியபோது இருந்த விதிப்படி ஆய்வாளர் 72 மணி நேரத்துக்குள் அறிக்கையைப் பதிவேற்ற வேண்டியிருந்தது. எத்தனை அறிக்கை கையில் இருக்கிறது என்று தளம் கேட்பதில்லை, எவ்வளவு நேரம் கையில் இருந்தது என்று கேட்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்கோரிஸ் முறை நேரமுத்திரையையும் இடக்குறியையும் சேர்த்துக் களத்திலிருந்தே பதிவைக் கேட்கிறது.

தரச் சான்று வழங்கும் அமைப்புகளுக்கான ஐஎஸ்ஓ 17021-1 தரநிலை, முதல் தணிக்கையை இரு கட்டமாகப் பிரிக்கிறது. இரண்டாம் கட்டத்தில் கண்ட பெரிய குறை சரிசெய்யப்பட்டதை ஆறு மாதத்துக்குள் உறுதிசெய்ய முடியாவிட்டால் அக்கட்டத்தை மறுபடி நடத்த வேண்டும் என்கிறது. இங்கும் முடிவுறாமை ஏற்கப்படுகிறது, முடிவின்மை ஏற்கப்படுவதில்லை.

முடிக்காத படிவத்தை என்ன செய்வது என்பதற்கு அமெரிக்க மருந்து வழிகாட்டுதல் தெளிவான விடை தருகிறது. வெற்றுப் படிவங்களை எண்ணிட்டுக் கொடுத்து, திரும்பி வந்தவற்றோடு சரிபார்க்க வேண்டும். அரைகுறையான, தவறான படிவங்களையும், மாற்றியதற்கான எழுத்துமூலக் காரணத்தோடு நிரந்தரப் பதிவில் வைக்க வேண்டும். கைவிட்ட ஆய்வைச் செயலி தடயமின்றி அழித்துவிடுவது இந்த நெறிக்கு முரண்.

செயல்படுத்துவதில் உள்ள நுட்பங்கள்

விதி ஒரு வரியில் அடங்கினாலும் அதை நிறைவேற்றுவது எளிதன்று. திரையில் பொத்தானை மறைப்பது விதியாகாது. ஒரே பயனர் கைபேசியிலும் டேப்லெட்டிலும் ஏறத்தாழ ஒரே நொடியில் ‘புதிய ஆய்வு’ அழுத்தினால், இரண்டு கோரிக்கைகளும் ‘திறந்தது ஏதும் உண்டா’ என்று சர்வரைக் கேட்டு, இரண்டுமே ‘இல்லை’ என்ற விடை பெற்று, இரண்டு ஆய்வுகளை உருவாக்கிவிடும். சரிபார்ப்பதும் எழுதுவதும் தனித்தனியாக நடப்பதால் வரும் இடைவெளி இது. இதை அடைக்கும் இடம் தரவுத்தளம். போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்களில், திறந்த நிலையிலுள்ள வரிசைகளுக்கு மட்டும் பொருந்தும்படி பயனர் எண்மீது தனித்துவக் குறியீடு அமைக்கலாம். இரண்டாம் வரிசையைத் தரவுத்தளமே ஏற்க மறுத்துவிடும். முடிந்த ஆய்வுகள் எத்தனை ஆயிரமானாலும் அவற்றை இந்தக் குறியீடு தொடாது.

இணைப்பு இல்லாத களத்தில் இதுவும் போதாது. நிலவறையிலோ மலைப்பகுதியிலோ இருக்கும் கைபேசிக்கு, அதே பயனர் வேறு கருவியில் ஆய்வு திறந்திருக்கிறாரா என்று அறிய வழியில்லை. இணைப்பு அறுந்திருக்கும்போது ஓர் அமைப்பு முழு ஒருமைப்பாட்டையும் தடையற்ற சேவையையும் ஒருசேரத் தர முடியாது என்ற கருத்தை எரிக் புரூவர் 2000-இல் முன்வைத்தார், சேத் கில்பெர்ட்டும் நான்சி லிஞ்சும் 2002-இல் அதை நிறுவினர். கள ஆய்வுச் செயலி இந்தத் தேர்வைத் தினமும் செய்கிறது. இணைப்பில்லாமல் தொடங்கவே கூடாது என்றால் விதி காப்பாற்றப்படும், வேலை நிற்கும். தொடங்கவிட்டுப் பின்னர் ஒத்திசைக்கும்போது மோதலைத் தீர்ப்பதென்றால் வேலை நடக்கும், விதி சிலவேளை மீறப்படும். பெரும்பாலான துறைகளுக்கு இரண்டாவதே ஏற்றது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: பிந்தி வந்த ஆய்வை நிராகரிக்காமல், வரம்பு மீறியது என்ற குறியோடு ஏற்க வேண்டும். களத்தில் எடுத்த படத்தை மறுபடி எடுக்க இயலாமல் போகலாம். கைபேசியின் கடிகாரம் தவறாக இருக்கலாம் என்பதால் கருவி நேரம், சர்வர் நேரம் இரண்டையும் பதிந்து வைப்பது நல்லது.

பூட்டு என்று ஒன்று இருந்தால் அதைத் திறக்கும் வழியும் வேண்டும். கைபேசி தொலைந்துபோனால், அதில் அரைகுறையாக நின்ற ஆய்வு அந்தப் பயனரை நிரந்தரமாகத் தடுத்துவிடும். மேற்பார்வையாளர் விடுவிக்கும் அதிகாரம், விடுவித்ததற்கான பதிவு, குறித்த காலம் அசையாமல் கிடந்தால் தானாகவே ‘நிறுத்திவைத்தது’ என்ற நிலைக்கு மாறும் ஏற்பாடு ஆகிய மூன்றும் இல்லாமல் இந்த விதியைக் கொண்டுவருவது ஆபத்து. ஒரே டேப்லெட்டைப் பல பணிமாற்றங்களில் பலர் பயன்படுத்தும் ஆலைகளில், வரம்பைக் கருவிமீது வைத்தால் காலைப் பணியாளர் விட்டுச் சென்றது இரவுப் பணியாளரைத் தடுக்கும். அங்கே வரம்பு பயனர்மீதுதான் இருக்க வேண்டும்.

வரம்பை எங்கே வைப்பது

இவை அனைத்தையும் தொகுத்தால், எண்ணிக்கை வரம்பு பொருந்தும் இடம் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் ஆய்வு என்பது தெளிவாகும். ஆகவே ‘முடிவுறாதது’ என்ற ஒற்றை நிலையை உடைக்க வேண்டும். எழுதப்படுவது, காத்திருப்பது, அனுப்பியது, கைவிட்டது என்று குறைந்தது நான்கு நிலைகள் தேவை. எழுதப்படும் நிலையில் ஒரு பயனருக்கு ஒன்றே. காத்திருக்கும் நிலைக்கு அனுப்ப, எதற்காகக் காத்திருக்கிறது, யாரிடமிருந்து, எந்த நாள் வரை என்ற மூன்று விவரங்களைத் தர வேண்டும். அந்த நிலையில் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டாம், காலத்துக்கு வரம்பு வேண்டும். அதுவரை எழுதிய விடைகள் அப்படியே உறைந்திருக்க, காத்திருக்கும் கேள்விகள் மட்டும் பின்னர் திறக்க வேண்டும். கைவிடுவதற்குக் காரணம் கேட்டு, படிவத்தை அழிக்காமல் ஒதுக்கி வைக்க வேண்டும். அவசரப் படிவங்களுக்கு விலக்கு வேண்டும். அவற்றைத் திறந்ததும் நடந்துகொண்டிருந்த ஆய்வு தானாகக் காத்திருப்புக்குப் போக வேண்டும்.

தடுக்கும்போது செயலி பேசும் முறையும் வடிவமைப்பின் பகுதியே. அனுமதி இல்லை என்று மட்டும் சொல்வது பயனரைக் குறுக்குவழிக்குத் தள்ளும். எந்த இடத்தின் ஆய்வு, எப்போது தொடங்கியது, எத்தனை கேள்வி மீதம் என்று காட்டி, தொடர்வது, நிறுத்திவைப்பது, கைவிடுவது என்ற மூன்று வழிகளையும் அதே திரையில் வைத்தால் தடை வழிகாட்டியாக மாறும். பழைய ஆய்வுக்குத் திரும்பும்போது இடத்தின் பெயரைக் காட்டி உறுதிசெய்யச் சொல்வது, அல்லது அங்குள்ள கியூஆர் குறியை ஸ்கேன் செய்யச் சொல்வது, மருத்துவமனைச் சோதனையில் பயன் தந்த ஏற்பாட்டுக்கு நெருக்கமானது.

துறைக்குத் துறை அளவு மாறும். லாரி கிளம்பும் முன் ஓட்டுநர் செய்யும் பத்து நிமிடச் சோதனை, பாரம் தூக்கும் இயந்திரத்தின் அன்றாடப் பார்வை, கடைக்கிளையின் திறப்புநேரச் சரிபார்ப்பு போன்றவற்றில் பிறருக்காகக் காத்திருக்க ஏதுமில்லை. அங்கே முழுத்தடையே பொருந்தும். உணவகச் சுகாதார ஆய்வில் எழுதும் நிலைக்கு ஒன்றும், ஆய்வக முடிவுக்காகக் காத்திருப்பதற்குக் கால வரம்பும் பொருந்தும். ஆலைத் தணிக்கை, தரச்சான்றுத் தணிக்கை போன்ற பல நாள் வேலைகளில் பயனர்மீது வரம்பு வைப்பதைவிட, ஒரே இடத்துக்கு ஒரே படிவம் இரண்டாம் முறை திறக்கப்படுவதைத் தடுப்பது போதும். குழுவாகச் செய்யும் ஆய்வில் ஒரு படிவத்தின் பகுதிகளைப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் எழுதுபவர் ஒருவரே என்று வைப்பது நல்லது.

விதி பயன் தந்ததா என்பதை ‘நடைபெறுகிறது’ வரிசையின் நீளத்தைக் கொண்டு அளக்கக் கூடாது, ஏனெனில் தடை வைத்தால் அந்த எண் எப்படியும் குறையும். ‘பொருந்தாது’ என்ற விடைகளின் பங்கு கூடியதா, கடைசி இரண்டு நிமிடத்தில் குவிந்த விடைகள் எத்தனை, கைவிட்ட ஆய்வுகள் பெருகினவா, இடக்குறிக்கும் ஆய்வு இடத்துக்கும் உள்ள தொலைவு குறைந்ததா, மறுபரிசோதனையில் விடைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற கேள்விகளே உண்மையான அளவுகோல்கள். பல கிளைகள் உள்ள நிறுவனம், குலுக்கலில் தேர்ந்த பாதிக் குழுக்களுக்கு மட்டும் முதலில் விதியை வைத்து, மீதிப் பாதியோடு இந்த அளவுகளை ஒப்பிட்டபின் எல்லோருக்கும் விரிவாக்குவதா, தளர்த்துவதா என்று முடிவு செய்யலாம்.